அறிவிப்புப் பலகையும் தொழிலாளர் மொழியும்: நிறுவன மாற்றச் செய்தியின் வரலாறு – ஓசூர், அஞ்செட்டி எல்லைப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தொழிலகம் தன் வேலைநேரத்தை, இயந்திரத்தை, ஆள்தொகையை அல்லது இடத்தை மாற்ற முற்படும்போது அதனைத் தொழிலாளர்க்கு எப்போது, எம்மொழியில், எவர் வழியாகத் தெரிவிக்கிறது என்பது இன்று மேலாண்மைத் துறையின் பொருளாகப் பெரிதும் பேசப்படுகிறது. தமிழகத்தில் அது முதலில் ஒரு தொழிலாளர் உரிமைச் சிக்கலாகவே எழுந்தது. 1918இன் சென்னை நெசவாலைகள், 1928இன் தென்னிந்திய இரயில்வே, 1946 முதல் 1956 வரையிலான சட்டங்கள், அண்மைக்கால ஆலை மூடல்கள் ஆகியவற்றின் வழியே அவ்வுரிமையின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. அறிவிப்பை வெளியிடுவதையே சட்டம் கடமையாக்கியது. அது சென்றடைவதை உறுதிசெய்யவில்லை. பன்மொழி வழங்கும் ஓசூர்–அஞ்செட்டிப் பகுதியில் இவ்விடைவெளி தெளிவாகப் புலப்படுகிறது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மாற்ற அறிவிப்பு, நிலையாணைகள், ஆட்குறைப்பு, ஆலைக்குழு, பொன்மலை, ஓசூர், அஞ்செட்டி, மொழிச் சிறுபான்மையர்.

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கே, காவிரியை நோக்கிச் சரியும் காட்டு மலைகளுக்கிடையே அமைந்தது அஞ்செட்டி. தேன்கனிக்கோட்டை வட்டத்தில் இருந்த இவ்வூர் பின்னர்த் தனி வட்டத்தின் தலைமையிடமாயிற்று. இங்கிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் ஓசூர்த் தொழிற்பகுதியை அடையலாம். 1965இல் சேலத்திலிருந்து தருமபுரியும், 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஓசூர் ஒரு சிறு நகர் என்னும் நிலையிலிருந்து மாநகராட்சியாக வளர்ந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளும் வழங்கும் எல்லை நிலம் இது. தெலுங்கு, கன்னடப் பயிற்றுமொழிப் பள்ளிகள் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் இன்றும் இயங்குகின்றன.

இத்தகைய நிலப்பரப்பில் ஒரு தொழிலகம் தன் வாயிலில் ஓர் அறிவிப்பை ஒட்டும்போது அதனை யார் படிக்கிறார் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு விடை காண, தொழிலக அறிவிப்பு என்பது தமிழகத்தில் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை முதலில் நோக்க வேண்டும்.

மேஸ்திரி வழிச் செய்தி: 1918

தொடக்ககால ஆலைகளில் நிருவாகத்திற்கும் தொழிலாளர்க்கும் இடையே மேஸ்திரி நின்றார். ஆள் சேர்ப்பது, வேலை பிரிப்பது, தண்டம் விதிக்கப் பரிந்துரைப்பது ஆகியவற்றோடு மேலிடத்தின் முடிவைக் கீழே சொல்வதும் அவர் பணியாயிற்று. ஆங்கிலேய மேலாளரின் ஆணை அவர் வாய்வழியே தமிழாயிற்று. கீழிருந்து மேலே செல்லும் குறை அவர் விரும்பிய அளவே சென்றது.

சென்னைப் பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் இவ்வழி அடைபட்டபோது தொழிலாளர் வேறு வழியை நாடினர். கோ. செல்வபதிச் செட்டியார், கோ. இராமானுஜலு நாயுடு ஆகியோர் நடத்திய பக்திச் சபை தொழிலாளர் கூடிப் பேசும் இடமாயிற்று. 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. திரு. வி. கலியாணசுந்தரனார் அதன் முன்னணியில் நின்றார். தொடக்கத்தில் எழுந்த குறைகளுள் ஒன்று நண்பகல் உணவு இடைவேளை பற்றியது. அரைமணி நேரம் போதாது. 40 நிமிடம் வேண்டும் என்பதே கோரிக்கை. இத்துணை எளிய செய்தி மேலிடத்தை எட்டுவதற்கு ஒரு சங்கம் தோன்ற வேண்டியிருந்தது.

இங்கு மொழியின் இடமும் குறிக்கத்தக்கது. வாடியா ஆங்கிலத்தில் பேசினார். அவ்வுரைகள் தமிழாக்கப்பட்டுத் தொழிலாளரை அடைந்தன. திரு.வி.க.வின் தமிழ்ப் பேச்சு பொருளியல், சட்டம், உரிமை ஆகியவற்றைத் தொழிலாளர் வழங்கும் சொற்களில் கொணர்ந்தது. இவ்வகையில் தொடக்ககாலச் சங்கம் கோரிக்கை அமைப்பாக மட்டுமன்றி மொழிபெயர்ப்பு அமைப்பாகவும் இயங்கியது எனலாம். மேஸ்திரியின் மொழிபெயர்ப்பு ஆணைக்கு உரியது. சங்கத்தின் மொழிபெயர்ப்போ ஆணைக்கும் மறுமொழிக்கும் உரியது.

நிருவாகம் இப்புதிய வழியை ஏற்கவில்லை. பின்னி நிறுவனம் வாடியா முதலியோர்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளரைத் தம் ஒப்பந்தத்தை மீறத் தூண்டலாகாது என 1920இல் தடையாணையும் பெற்றது. சங்கத் தலைவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்னும் கோரிக்கை இதனால் வலுப்பெற்று, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிகோலியது. 1921 ஜூன் முதல் அக்டோபர் வரை நீண்ட வேலைநிறுத்தம் தொழிலாளரைச் சாதிவழிப் பிளந்து, துப்பாக்கிச் சூட்டையும் கண்டு, தோல்வியில் முடிந்தது. அதன்பின் 1922இல் அதே ஆலைகளில் தொழிலாளர் உறுப்பினரைக் கொண்ட நலக்குழு அமைந்தது. சங்கத்தை ஏற்காத நிருவாகமும் செய்தி இருவழியும் செல்ல ஓர் அமைப்புத் தேவை என்பதை உணர்ந்தது என்பதற்கு இக்குழு சான்றாகும். எனினும் அக்குழுவின் எல்லையை வகுத்தது நிருவாகமே.

சொல்லப்பட்ட மாற்றம், நம்பப்படாத நோக்கம்: 1928

நிறுவன மாற்றம் என்னும் சொல்லின் முழுப்பொருளில் தமிழகம் கண்ட முதற்பெரும் நிகழ்வுகளுள் ஒன்று தென்னிந்திய இரயில்வேயின் மறுசீரமைப்பு. நாகப்பட்டினம், போத்தனூர் முதலிய இடங்களில் இருந்த பட்டறைகளைத் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் ஒன்றுசேர்க்க அந்நிறுவனம் திட்டமிட்டது. புதிய பட்டறைக்குக் குறைந்த ஆட்களே போதும் என்பதால் 3,100க்கும் மேற்பட்டோரைக் குறைக்க முற்பட்டது. எவரை வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிக்கத் தொழில்திறன் தேர்வு ஒன்று கொண்டுவரப்பட்டது.

இங்கு மாற்றம் மறைக்கப்படவில்லை. பொன்மலையில் எழுந்த கட்டடங்களே அதனை அறிவித்தன. மறைந்திருந்தது நோக்கம். தேர்வு திறனை அளக்கவா, ஆளைக் கழிக்கவா என்னும் ஐயத்திற்குத் தொழிலாளர் நம்பத்தக்க விடை கிடைக்கவில்லை. பல்லாண்டு அதே பட்டறையில் உழைத்த கம்மியர் தம் திறனை மீண்டும் மெய்ப்பிக்குமாறு கேட்கப்பட்டபோது அதனை ஆட்குறைப்பின் முதற்படியாகவே கொண்டனர். ஆட்குறைப்பும் தேர்வும் ஒருங்கே வந்தமையால், தேர்வு பற்றிய எவ்விளக்கமும் எடுபடாமற் போயிற்று.

1928 ஜூன் இறுதியில் பட்டறைகளில் தொடங்கிய போராட்டம் ஜூலையில் இரயில்வே முழுவதற்கும் பரவி, ஜூலை 30 அன்று முடிவுற்றது. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் உள்ளிட்ட தலைவர்கள் கைதாகித் தண்டனை பெற்றனர். சங்கத்தின் ஏற்பும் நீக்கப்பட்டது. பட்டறை பொன்மலைக்குச் சென்றது. நிருவாகம் தன் திட்டத்தை நிறைவேற்றியது உண்மை. ஆயினும் தொழிலாளரிடம் பேசுவதற்கு இருந்த ஒரே அமைப்பை இழந்தபின்னரே அது நிறைவேறிற்று. அறிவிப்பு காலத்தால் முந்தியிருப்பினும், அதனோடு காரணமும் மறுமொழிக்கு இடமும் இல்லையெனில் அது எச்சரிக்கையாகவே கொள்ளப்படும் என்பது இந்நிகழ்வு தரும் பாடம்.

அரச ஆணையமும் பன்னாட்டு நெறியும்

1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கையளித்த இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணையத்திற்கு ஜே. எச். விட்லி தலைமை தாங்கினார். பிரித்தானியாவில் 1917இல் நிருவாகமும் தொழிலாளரும் கூடும் இணைமன்றங்களைப் பரிந்துரைத்தவர் இவரே. இந்தியாவுக்கும் ஆலைக்குழுக்களை அவ்வாணையம் பரிந்துரைத்தது. மேஸ்திரியின் ஆள்சேர்ப்பு அதிகாரத்தைக் கடிந்து, தொழிலாளர் அலுவலரை அமர்த்துமாறு கூறியது. அவ்வலுவலர்க்குரிய தகுதிகளுள் மொழித்திறனையும் எண்ணியது. மேஸ்திரியின் நாவிலிருந்து செய்தியை விடுவிக்க வேண்டுமானால் அலுவலர் தாமே தொழிலாளர் மொழியைப் பேச வேண்டும் என்னும் தெளிவு இதில் உண்டு.

பிற்காலத்தில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் ஏற்ற 129ஆம் பரிந்துரை, தொழிலகத்திற்குள் நிகழும் செய்திப் பரிமாற்றத்தையே தனிப்பொருளாகக் கொண்டது. முதன்மையான முடிவுகளை நிருவாகம் எடுப்பதற்கு முன்பே செய்தி தரப்படவும் கலந்தாய்வு நிகழவும் வேண்டும் என்றும், தொழிலாளர் தொகுதியின் அமைப்பைக் கருதியே செய்திக் கொள்கை வகுக்கப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. ‘முடிவுக்கு முன்’ என்பதும் ‘தொழிலாளர் தொகுதியின் அமைப்பு’ என்பதும் இந்தியச் சட்டத்தை அளக்க ஏற்ற இரு அளவுகோல்களாகும்.

சட்டம் தந்த அறிவிப்புரிமை: 1946–1956

மூன்று சட்டநிலைகள் இங்குக் கருதத்தக்கவை. முதலாவது, 1946ஆம் ஆண்டுத் தொழிலக வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட தொழிலகங்கள் தம் வேலை நிபந்தனைகளை எழுத்தில் வரையறுக்க வேண்டும் என அது விதித்தது. வரைவைச் சங்கத்திற்கு அனுப்பி மறுப்புக் கூற 15 நாள் தர வேண்டும். சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் வாயிலருகே தனிப்பலகையில் ஒட்ட வேண்டும். அதுவரை நிருவாகத்தின் வழக்கமாக மட்டுமே இருந்த நெறிகள் இதனால் படிக்கத்தக்க, மேற்கோள் காட்டத்தக்க, வழக்கிடத்தக்க எழுத்தாயின.

இரண்டாவது, 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிலகங்களில், தொழிலாளர் தரப்பினர் எண்ணிக்கை நிருவாகத் தரப்பினும் குறையாதவாறு இருதரப்பும் அமரும் ஆலைக்குழுக்களுக்கு அது வழிசெய்தது.

மூன்றாவதே பெரிதும் இன்றியமையாதது. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சட்டத்தில் 9அ என்னும் பிரிவைச் சேர்த்தது. நான்காம் அட்டவணையில் குறித்த 11 பொருள்களுள் எதனையேனும் தொழிலாளர்க்குப் பாதகமாக மாற்ற விரும்பும் நிருவாகம், பாதிக்கப்படுவோர்க்கு அறிவிப்புத் தந்து 21 நாள் காத்திருக்க வேண்டும். கூலி, வேலைநேரம், ஓய்வு இடைவேளை, விடுப்பு, பணிமுறை மாற்றம், வழக்கமான சலுகைகளை நிறுத்தல், ஆட்குறைப்புக்கு வழிகோலும் இயந்திர மேம்பாடு ஆகியவை அவ்வட்டவணையில் அடங்கும். 1918இல் சங்கம் கேட்ட உணவு இடைவேளையும், 1928இல் பட்டறைத் தொழிலாளர் அஞ்சிய இயந்திர மாற்றமும் இப்பட்டியலில் இடம்பெற்றிருப்பதை நோக்கின், தெருவில் எழுந்த குறைகள் ஒரு தலைமுறைக்குள் சட்டத்தின் அட்டவணையாயின என்பது விளங்கும்.

அறிவிப்பு எப்போது தரப்பட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1999இல் லோக்மத் செய்தித்தாள் வழக்கில் தெளிவுபடுத்தியது. அச்சுக்கோப்பாளர் கையால் எழுத்துக் கோத்த பணியை ஒளியச்சுக்கோப்பு இயந்திரம் ஏற்றபோது எழுந்த வழக்கு அது. 9அ அறிவிப்பு மாற்றத்திற்கு முன்னரே வர வேண்டும். இயந்திரத்தைப் புகுத்தியபின் தருவது சட்டத்தின் நோக்கத்தை நிறைவு செய்யாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அறிவிப்பு வெறும் சடங்கன்று, பேசுவதற்குரிய காலம் என்னும் கருத்து இதனால் உறுதிப்பட்டது.

எனினும் இச்சட்டங்களில் ஒரு பொதுக்குறை உண்டு. ஒட்டுதல், அனுப்புதல், நாள் கணக்கிடுதல் ஆகியவற்றை அவை வரையறுத்தன. படித்தல், விளங்கிக்கொள்ளுதல், வினவுதல் ஆகியவற்றை வரையறுக்கவில்லை. மொழி பற்றிய விதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நிலையாணைச் சட்டமும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் பெரும்பான்மையோர் அறிந்த ஒரு மொழியையே கேட்டன. ஆனால் 1946ஆம் ஆண்டு மைய விதிகளில் அமைந்த மாதிரி நிலையாணைகள், வேலைநேர அறிவிப்பைத் தொழிலாளரின் முதன்மை மொழிகளில் ஒட்டுமாறு பன்மையில் கூறின. ஒருமைக்கும் பன்மைக்கும் இடையேயான இவ்வேறுபாடு ஒருமொழி நகரத்தில் பொருட்படுத்தத் தக்கதன்று. ஓசூரில் அது முதன்மையானது.

ஓசூர்: பெரும்பான்மை மொழிக்கு அப்பால்

தமிழ்நாடு சிப்காட் நிறுவனம் 1970களில் ஓசூரில் தொழில் வளாகத்தை அமைத்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டு, டி.வி.எஸ். ஆகியவற்றின் ஆலைகளும், 1987இல் டைட்டன் கைக்கடிகார ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. டைட்டன் பள்ளிப்படிப்பை முடித்த ஊர்ப்புற இளைஞரைத் தேர்ந்து கடிகார நுட்பத்தில் பயிற்சியளித்தது. பெங்களூருக்கு அண்மையும் தமிழ்நாட்டின் ஊக்கச் சலுகைகளும் ஒருங்கே வாய்த்தமையால் உதிரிப்பாகங்கள் செய்யும் சிறு ஆலைகள் பெருகின. அண்மை ஆண்டுகளில் மின்னணுப் பொருள் உற்பத்தி வந்தபின் வட, கிழக்கு மாநில இளம்பெண்களும் விடுதிகளில் தங்கிப் பணிபுரிகின்றனர்.

இவ்வளர்ச்சி இப்பகுதியின் தொழிலாளர் தொகுதியை மூவகையில் பிரித்துள்ளது.

முதலாவது, மொழி. அஞ்செட்டி, தளிப் பகுதிகளிலிருந்து வரும் தொழிலாளர் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோர். அவர்கள் தமிழைத் தடையின்றிப் பேசுவர். ஆயின் பேச்சறிவும் எழுத்தறிவும் ஒன்றல்ல. கன்னடப் பயிற்றுமொழிப் பள்ளியில் பயின்றவர்க்கு, பணிமுறை மாற்றம் பற்றிய தமிழ் அறிவிப்பின் சட்டநடை எளிதில் விளங்குவதன்று. இந்தி அல்லது ஒடியா மட்டும் அறிந்த புதியவர்க்குப் பலகை முற்றிலும் ஊமையே. ‘பெரும்பான்மையோர் அறிந்த மொழி’ என்னும் தொடர் இவர்களைக் கணக்கில் கொள்ளாமலே நிறைவேறிவிடுகிறது. இடைவெளியை நிரப்புபவர் வரிசைப் பொறுப்பாளரோ ஒப்பந்தக்காரரின் ஆளோ ஆவர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் மேஸ்திரியின் பணி வேறு பெயரில் மீள்கிறது.

இரண்டாவது, வேலை உறவு. ஒரே கூரையின்கீழ் நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் என மூவர் நிற்கின்றனர். 1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டப்படி பயிற்சியாளர் தொழிலாளரல்லர். தொழிலாளர் சட்டங்கள் அவர்க்குப் பொருந்தா. ஒப்பந்தத் தொழிலாளர்க்கு முதலாளி ஒப்பந்தக்காரரே. ஆகவே ஆலை ஓர் உற்பத்தி வரிசையை நிறுத்தும்போது நிரந்தரத் தொழிலாளர்க்கு 21 நாள் அறிவிப்பு உரியதாகிறது. அதே வரிசையில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளரை எட்டுவதோ ‘நாளை முதல் வர வேண்டாம்’ என்னும் வாய்ச்சொல்லாக இருக்கலாம். மாற்றம் ஒன்று, அதனை அறியும் உரிமையோ ஆளுக்கேற்ப வேறுபடுகிறது.

மூன்றாவது, தொலைவு. அஞ்செட்டியின் மலையூர்களிலிருந்து வருவோர்க்கு ஆலைப் பேருந்தின் நேரமே வேலைநேரம். பணிமுறை அரைமணி நேரம் முன்னகர்ந்தால் வீட்டில் இரவு ஒன்றரை மணி நேரம் முன்னரே முடிய நேரலாம். ஒரு பேருந்துத் தடம் நிறுத்தப்பட்டால் வேலையே நின்றுவிடும். நான்காம் அட்டவணையின் சொற்களில் இது வழக்கமான சலுகையை நிறுத்தலாக வாதிடத்தக்கது. நிருவாகம் சிறிதெனக் கருதும் மாற்றம் தொழிலாளர்க்குப் பெரிதாகும் இடம் எது என்பதை அவரிடம் வினவாமல் அறிய இயலாது.

மூடலின் செய்தி: இரு அண்மை நிகழ்வுகள்

இறுதி மாற்றமாகிய மூடலிலும் காலம் பற்றிய சிக்கல் நீடிக்கிறது. திருப்பெரும்புதூரின் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று நிறுத்தியது. அவ்வாண்டு ஏப்ரலில் அதன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரித் தகராற்றால் இவ்வாலை மட்டும் கைமாறாமல் நின்றது. அதே ஆண்டில் விருப்ப ஓய்வுத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் வாகன உற்பத்தியைக் கைவிடும் முடிவை வெளியிட்டது. மறைமலைநகர் ஆலை 2022இல் இயக்கத்தை நிறுத்தியது.

இவ்விரு நிகழ்வுகளிலும் முடிவு எடுக்கப்பட்ட இடம் ஆலைக்கு நெடுந்தொலைவில் இருந்தது. மூடலுக்கு முன் அறிவிப்போ அரசின் இசைவோ வேண்டும் என்னும் சட்டவிதிகள், முடிவுக்குப் பின்னரே செயற்படத் தொடங்குகின்றன. விருப்ப ஓய்வோ சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது. ஆகவே ஆட்குறைப்புக்குரிய அறிவிப்பும் அதற்குத் தேவைப்படுவதில்லை. பன்னாட்டுப் பரிந்துரை கூறும் ‘முடிவுக்கு முன்’ என்னும் நெறி இங்கு எட்டப்படவில்லை. 1928இன் நிறுவனத்திற்கும் இலண்டனில் இயக்குநர் குழு இருந்தது என்பதை ஒப்பிடின், தொலைவிலிருந்து வரும் முடிவு தமிழகத் தொழிலாளர்க்குப் புதிதன்று என்பது தெளிவாகும்.

2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. 21 நாள் மாற்ற அறிவிப்பை அது தக்கவைத்துள்ளது. ஆனால் நிலையாணைகள் கட்டாயமாகும் எல்லையை 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்தியுள்ளது. மூடலுக்கும் ஆட்குறைப்புக்கும் அரசின் இசைவு பெறும் எல்லையும் அவ்வாறே 300 ஆகியுள்ளது. சிறு, நடுத்தர உதிரிப்பாக ஆலைகள் நிறைந்த ஓசூரில் இவ்வெண் வெறும் எண்ணன்று. 100க்கு மேலும் 300க்குக் கீழும் ஆள் கொண்ட ஆலைகளில், வேலை நிபந்தனைகளை எழுதி வாயிலில் ஒட்டும் கடமையே சட்டத்தளவில் நீங்குகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன:

1. நிறுவன மாற்றம் பற்றிய செய்தி தமிழகத்தில் நிருவாகத்தின் நன்கொடையாகத் தொடங்கவில்லை. 1918, 1928 ஆகிய ஆண்டுகளின் போராட்டங்கள் எழுப்பிய குறைகளே பின்னாளில் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றன.

2. பொன்மலை நிகழ்வு காட்டுமாறு, மாற்றத்தைச் சொல்வது மட்டும் போதாது. காரணமும் மறுமொழிக்கு இடமும் இல்லாத அறிவிப்பு ஐயத்தையே வளர்க்கும்.

3. 1946 முதல் 1956 வரையிலான சட்டங்கள் வெளியீட்டைக் கடமையாக்கின; சென்றடைவதைக் கடமையாக்கவில்லை. ‘பெரும்பான்மையோர் மொழி’ என்னும் விதி பன்மொழிப் பகுதிகளில் இக்குறையைப் பெருக்குகிறது.

4. ஓசூர்–அஞ்செட்டிப் பகுதிக்கு மாதிரி நிலையாணைகளின் ‘முதன்மை மொழிகள்’ என்னும் பன்மை வழக்கே பொருந்தும். தமிழோடு தெலுங்கு, கன்னடம், தேவைப்படின் இந்தி, ஒடியா ஆகியவற்றிலும் அறிவிப்பு அமைவதும், அது பணிமுறை தொடங்கும்போது வாய்மொழியாகவும் விளக்கப்படுவதும் சட்டத்தின் நோக்கத்தோடு ஒத்தவை.

5. அறிவிப்புரிமை வேலை உறவின் வகையைச் சாராது, மாற்றத்தால் பாதிக்கப்படும் அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரையும் பயிற்சியாளரையும் விலக்கிய அறிவிப்பு, தொழிலாளர் தொகுதியின் பெரும்பகுதியை அறியாமையில் விட்டுவிடும்.

பெரம்பூர்த் தொழிலாளர் 1918இல் கேட்டது பத்து நிமிட உணவு இடைவேளை மட்டுமன்று. தம்மைப் பற்றிய முடிவைத் தம் மொழியில் அறிந்து, அதற்குத் தம் மொழியில் மறுமொழி கூறும் நிலையையும் கேட்டனர். எழுத்தில் வந்த அவ்வுரிமை, அஞ்செட்டியிலிருந்து விடியுமுன் பேருந்தேறும் தொழிலாளர் படிக்கவும் வினவவும் கூடிய வடிவில் அவரை எட்டும்போதே நிறைவுறும்.